இடக்கையாளருக்கு எலெக்ட்ரிக் கிதார்: நான்கு வழிகளும் அவற்றின் மறைசெலவுகளும்

இடக்கைப் பழக்கமுள்ள ஒருவர் எலெக்ட்ரிக் கிதார் வாங்கப் போனால் கடையில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். "இடக்கை மாடல் கைவசம் இல்லை, ஆர்டர் கொடுத்தால் வரவழைக்கலாம்" என்பார்கள். "எல்லாரும் வலக்கையில்தான் கற்கிறார்கள், போகப் போகப் பழகிவிடும்" என்பார்கள். "இதையே திருப்பிப் பிடித்துத் தந்திகளை மாற்றிக் கட்டிக்கொள்ளுங்கள், ராக் கிதார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அப்படித்தான் வாசித்தார்" என்பார்கள். மூன்றுமே பொய்யல்ல. ஆனால் எந்த இடக்கையாளருக்கு எது பொருந்தும், அதற்கு அவர் பின்னால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதை இந்தப் பதில்கள் சொல்வதில்லை. பிள்ளைகளை வகுப்பில் சேர்க்க வரும் பெற்றோரும், வேலைக்குப் போன பிறகு சொந்தப் பணத்தில் முதல் கிதாரை வாங்க நினைக்கும் இளைஞர்களும் இதே இடத்தில் வந்து தயங்கி நிற்பதைப் பார்க்கிறேன். அவர்களுக்காகவே இந்த ஒப்பீடு.

நானும் இடக்கையாளன்தான். என் முதல் எலெக்ட்ரிக் கிதார், "இடக்கைக்கு மாற்றியது" என்று சொல்லி ஒரு கடையில் விற்கப்பட்ட வலக்கை கிதார். அதில் மாற்றப்பட்டிருந்தவை தந்திகள் மட்டுமே. கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் நட் என்ற சிறு துண்டு பழையபடியே விடப்பட்டிருந்தது. பருமனான தந்திக்காக அறுக்கப்பட்ட அகலமான பள்ளத்தில் மெல்லிய தந்தி கிடந்து, மீட்டும்போதெல்லாம் ஈ பறப்பதுபோல் இரைந்தது. மறுமுனையில் பருமனான தந்தி தனக்குப் போதாத பள்ளத்தின் விளிம்பில் உயர்ந்து நின்றதால், கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்டுகளில் முதலாவதில் அழுத்தினாலே சுருதி ஏறியது. எட்டு மாதம் என் காதும் விரலும்தான் சரியில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த எட்டு மாதம் வேறு யாருக்கும் வீணாகக் கூடாது என்பதால் செலவுக் கணக்கை இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல் விலையோ மாடலோ அன்று; தாளத்தைப் பிடிக்கும் கை எது என்பதுதான். வழக்கமான வலக்கை கிதாரில் இடது கை ஃபிரெட்டுகளை அழுத்துகிறது, வலது கை மீட்டுகிறது. கற்கத் தொடங்கும் நாட்களில் ஃபிரெட்டை அழுத்தும் கைக்குத்தான் வலியும் வேலையும் அதிகம். அதனால், "இடக்கையாளரின் வலுவான கை ஃபிரெட்டில் இருப்பது நல்லதுதானே" என்ற வாதம் எழுகிறது. முதல் மூன்று மாதங்களுக்கு அது உண்மை. அதன் பிறகு வாசிப்பைத் தாங்குவது மீட்டும் கைதான். காலத்தை வகுப்பது, அழுத்தம் கொடுப்பது, உள்ளங்கையால் தந்தியை அமுக்கி ஒலியைக் குறுக்குவது, தந்தியை மீட்டும் சிறு சில்லான பிக்கை எந்தச் சாய்வில் பிடிப்பது ஆகிய எல்லாம் அந்தக் கையின் பொறுப்பு. கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கொத்து) தவறினால் கேட்பவர் மன்னிப்பார். தாளம் தவறினால் பாட்டே நின்றுவிடும்.

எழுதும் கையும் தாளம் பிடிக்கும் கையும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. சச்சின் டெண்டுல்கர் எழுதுவது இடக்கையால், மட்டை பிடிப்பது வலக்கையாளராக. சௌரவ் கங்குலியின் கதை இன்னும் நம் விஷயத்துக்கு நெருக்கமானது. வலக்கையாளரான அவர், அண்ணனின் விளையாட்டுச் சாதனங்களைப் பயன்படுத்திக்கொள்வதற்காகவே இடக்கை ஆட்டத்தைப் பழகியவர். கையில் கிடைத்த கருவி ஒருவரின் திசையையே மாற்றலாம், மாறிய திசையில் அவர் மிக உயரத்துக்கும் போகலாம் என்பதற்கு அவரே சான்று. ஆனால் எல்லாருக்கும் அப்படி மாறிவிடும் என்பதற்கு அவர் சான்றாக மாட்டார்.

ஆகவே சோதித்துப் பார்ப்பதே வழி. கற்க வந்தவரிடம் எதையும் விளக்காமல் ஒரு பூப்பந்து மட்டையைக் கொடுத்து, பிடித்த பாட்டைப் போட்டு, கிதார் வாசிப்பதுபோல் பாவனை செய்யச் சொல்லுங்கள். மட்டையின் பிடி எந்தப் பக்கம் நீள்கிறது என்று கவனியுங்கள். பிறகு மேசையில் இரு கைகளாலும் தாளம் தட்டச் சொல்லி, அழுத்தமான அடி எந்தக் கையிலிருந்து விழுகிறது என்று பாருங்கள். மூன்றாவது சோதனையைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். ஒரு கிதாரின் தந்திகள் மேல் கைக்குட்டையைச் செருகி ஒலியை அடக்கிவிட்டு, நிமிடத்துக்கு 80 அடி என்ற வேகத்தில் இரண்டு நிமிடம் மேலும் கீழுமாக மீட்டச் சொல்ல வேண்டும். பிறகு கிதாரைத் திருப்பிக் கொடுத்து இன்னொரு கையாலும் அதையே செய்யச் சொல்ல வேண்டும். ஒரு கை நிதானமாக ஆட, மற்றது தோளிலிருந்து விறைத்துக்கொண்டு அசைந்தால் பதில் கிடைத்துவிட்டது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

இரண்டாவது அளவுகோல், விரும்பிய கருவி கிடைக்குமா, வாங்கும் முன் கையில் எடுத்துப் பார்க்க முடியுமா என்பது. மூன்றாவது, விலைச்சீட்டில் இல்லாத செலவு: நட், செட்டப் (வாசிப்புக்கு ஏற்றபடி கருவியைச் சரிசெய்வது), அனுப்பும் கட்டணம், மறுவிற்பனையில் வரும் நட்டம். நான்காவது, கருவி ஒழுங்காக இயங்குமா என்பது. அதாவது சுருதி நிற்குமா, மேல் ஃபிரெட்டுகளுக்கு விரல் எட்டுமா, குமிழ்களும் ஒயரும் கைக்கு இடைஞ்சலா என்ற கேள்விகள். ஐந்தாவது, ஆசிரியர், உடன் வாசிப்பவர்கள், நண்பர் வீட்டில் சுவரோரம் சாய்ந்திருக்கும் கிதார் என்று நம்மைச் சுற்றியுள்ள உலகம். இந்த ஐந்தாவதைச் சிறியதாக எண்ண வேண்டாம். மிருதங்க மேதை பழனி சுப்ரமணிய பிள்ளை இடக்கையாளர். மிருதங்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டால் அவரளவில் கருவிச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் மேடையில் வயலின் கலைஞரும் அவரும் வழக்கமான இடங்களை மாற்றிக்கொண்டு அமர வேண்டியிருந்தது. கிதாரைத் திருப்புவதோ மிருதங்கத்தைத் திருப்புவதுபோல் அவ்வளவு எளிதும் அன்று.

கீழேயுள்ள அட்டவணை சுருக்கம் மட்டுமே. காரணங்களை அடுத்தடுத்த பகுதிகளில் காணலாம்.

| அளவுகோல் | வலக்கையாகவே கற்பது | இடக்கைக்கென்றே செய்த கிதார் | திருப்பி, தந்தி மாற்றிக் கட்டியது | திருப்பி, தந்தி மாற்றாதது |
|---|---|---|---|---|
| தாளக் கை இடதாக இருந்தால் | பொருந்தாமல் போகலாம் | முழுமையாகப் பொருந்தும் | பொருந்தும் | பொருந்தும், ஆனால் மீட்டும் வரிசை தலைகீழ் |
| தேர்வு | சந்தை முழுவதும் | குறைவு | சில வடிவங்கள் மட்டும் | உடல் வடிவம் இடம் கொடுத்தால் எதுவும் |
| மறைசெலவு | பணமில்லை. காலம் | காத்திருப்பு, அனுப்பும் கட்டணம், உதிரிப் பாகம் | நட், செட்டப், துளைகள், மறுவிற்பனை | ஏறக்குறைய இல்லை |
| கருவியின் ஒழுங்கு | முழுமை | முழுமை, குமிழ்களைச் சோதிக்க வேண்டும் | வேலை செய்தால் ஓரளவு | சுருதி நன்று, எட்டுவது கடினம் |
| ஆசிரியர், பாடங்கள் | எங்கும் உண்டு | கார்ட் படங்களை மட்டும் திருப்பிப் படிக்க வேண்டும் | அதேபோல் | ஏறக்குறைய இல்லை |

## முதல் வழி: வலக்கை கிதாரை வலக்கையாகவே கற்பது

இடக்கையாளர்களாக இருந்தும் வலக்கை கிதாரை வாசித்துப் பெயர் பெற்றவர்கள் பலர். மார்க் நாஃப்ளர், கேரி மூர், நோயல் கேலகர் ஆகியோர் இந்த வரிசையில் வருபவர்கள். இவர்களில் யாரையும் தாளம் குறைந்தவர் என்று சொல்ல வாய்ப்பே இல்லை. எனவே இதைத் தோல்வியாகவோ சமரசமாகவோ பார்க்க வேண்டியதில்லை.

இந்த வழியின் வசதிகள் வெளிப்படையானவை. எந்தக் கடையிலும் எந்த மாடலையும் எடுத்து வாசித்துப் பார்த்து வாங்கலாம். பழைய கிதார்கள் நல்ல விலைக்குக் கிடைக்கும். ஆசிரியரின் கிதாரை, ஸ்டூடியோவில் கிடக்கும் கிதாரை, நண்பரின் கிதாரை வாங்கி வாசிக்கலாம். நிகழ்ச்சியில் தந்தி அறுந்தால் பக்கத்தில் இருப்பவரின் கருவியை எடுத்துத் தொடரலாம். இந்த வசதியின் அருமை ஒரு முறையாவது மேடையில் தந்தி அறுந்தவருக்குத்தான் தெரியும்.

இதன் மறைசெலவு ரூபாயில் வருவதில்லை, காலமாக வருகிறது. தாளக் கை உறுதியாக இடதாக உள்ளவர் வலக்கையில் தொடங்கினால், விரல்கள் கார்டுகளை விரைவில் பிடித்துவிடும். ஓராண்டு வரை நன்றாகப் போவதாகவே தோன்றும். பிறகு வேகமான மீட்டலிலோ, இடைவெளி விட்டு அடிக்கும் தாளத்திலோ வந்து முட்டி நிற்கும். அந்த நிலையில் திசையை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமியைச் சொல்லலாம். இடக்கை வாசிப்பாளரான அவர், 1965-இல் தொழிற்சாலை விபத்தில் வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகளை இழந்தார். ஃபிரெட்டில் அழுத்தும் கை அது. கிதாரைத் திருப்பிப் பிடித்துப் புதிதாகத் தொடங்குவது அவருக்கும் ஒரு வழியாகத் திறந்துதான் இருந்தது. ஆனால் அவர் செய்தது, பிளாஸ்டிக்கை உருக்கி விரல்களுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு, பழகிய திசையிலேயே தொடர்ந்தது. சில ஆண்டுப் பழக்கம் உடம்பில் அவ்வளவு ஆழமாகப் பதிந்துவிடுகிறது. ஆகவே திசையைத் தேர்வு செய்ய வேண்டியது முதல் மாதத்தில். மூன்றாம் ஆண்டில் அன்று.

நம் வீடுகளுக்கே உரிய ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நொட்டாங்கையால் சாப்பிடாதே, நொட்டாங்கையால் பணம் கொடுக்காதே என்று கேட்டு வளர்ந்த குழந்தை, எந்தக் கையால் வாசிக்கிறாய் என்று கேட்டால் பெரியவர்கள் முகத்தைப் பார்த்து வலக்கை என்றுதான் சொல்லும். அந்தப் பதிலை வைத்து முடிவு செய்யாதீர்கள். யாரும் கவனிக்காதபோது அந்தக் குழந்தை பம்பரத்தை எந்தக் கையால் விடுகிறது, பந்தை எந்தக் கையால் எறிகிறது என்பதே உண்மையான பதில்.

சோதனையில் இரு கைகளும் சமமாக வந்தவர், ஏற்கெனவே வயலினோ வீணையோ வலக்கை முறையில் வாசித்துப் பழகியவர், பல கருவிகளை எடுத்து வாசிக்கும் ஸ்டூடியோ தொழிலுக்குப் போக எண்ணுபவர் ஆகியோருக்கு இந்த வழியே சிறந்தது.

## இரண்டாம் வழி: இடக்கைக்கென்றே செய்த கிதார்

இது வலக்கை கிதாரின் கண்ணாடிப் பிம்பம். உடல், நட், தந்திகளின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜ், குமிழ்கள், ஒயர் செருகும் இடம், கழுத்தின் ஓரத்தில் ஃபிரெட்டை அடையாளம் காட்டும் புள்ளிகள் ஆகிய எல்லாமே இடம் மாறியிருக்கும். தாளக் கை இடது என்று உறுதியானவருக்கு என் பரிந்துரை தயக்கமில்லாமல் இதுதான். ஆம்ப்ளிஃபையருக்கும் பெடல்களுக்கும் இடம் வலம் இல்லை என்பதால் கிதாரைத் தவிர வேறெதையும் தனியாக வாங்க வேண்டியதில்லை.

தொடக்க நிலையிலேயே நல்ல மாடல்கள் இருக்கின்றன. யமஹா பசிஃபிகா 112ஜே மாடலுக்கு இடக்கை வடிவம் உண்டு. ஃபெண்டரின் ஸ்குவையர் வரிசையில் ஸ்ட்ராட்டோகாஸ்டரும், ஐபனேஸின் ஜிஆர்ஜி170 வரிசையும், கிப்சனின் எபிஃபோன் வரிசையில் லெஸ் பாலும் இடக்கைக்கு வந்திருக்கின்றன. ஆனால் ஒரு நிறுவனம் வலக்கைக்கு நாற்பது மாடல் வைத்திருந்தால் இடக்கைக்கு இரண்டோ மூன்றோதான் இருக்கும். நிறமும் பெரும்பாலும் கருப்பு. இளம் வயதினருக்கு நிறம் ஒரு பெரிய விஷயம் என்பதைப் பெற்றோர் ஒதுக்கிவிட வேண்டாம். பிடித்த கிதார்தான் தினமும் உறையிலிருந்து வெளியே வரும்.

விலையில் எப்போதும் பெரிய வேறுபாடு இருக்கும் என்று சொல்வதற்கில்லை. கூடுதல் செலவு வேறு இடங்களில் ஒளிந்திருக்கிறது. தள்ளுபடி விற்பனையில் இடக்கை மாடல் அரிதாகவே வரும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் கட்டணமும் சுங்க வரியும் சேரும். எடுத்துப் பார்க்காமலே வாங்குவதால் கழுத்தின் பருமன் கைக்கு ஒத்துவராவிட்டால் அதோடு ஒத்துப்போக வேண்டியிருக்கும். உடலில் கீறல் விழாமல் காக்கும் தகடான பிக்கார்டோ பிரிட்ஜோ உடைந்தால் இடக்கை உதிரிப் பாகத்துக்குக் காத்திருக்க வேண்டும். விற்கும்போது வாங்குபவர் எண்ணிக்கையும் குறைவு. ஆனால் தேடிக்கொண்டிருக்கும் இடக்கையாளர் ஒருவர் கிடைத்துவிட்டால் அவர் விலையை அதிகம் குறைத்துக் கேட்பதில்லை. நானே அப்படி வாங்கியிருக்கிறேன், அப்படி விற்றும் இருக்கிறேன்.

பலர் கவனிக்காமல் விடுவது வால்யூம் குமிழ். ஒலியின் அளவை மாற்றும் பொட்டென்ஷியோமீட்டர் சீராக ஏறாது. நம் காது ஒலியை உணரும் விதத்துக்கு ஏற்ற ஒரு வளைவில் ஏறும்படி செய்யப்பட்டிருக்கும். இடக்கை கிதாரில் குமிழ் எதிர்த்திசையில் சுழல வேண்டும் என்பதால் அதற்கென்று எதிர் வளைவு கொண்ட பாகத்தைப் பொருத்த வேண்டும். சில மலிவு மாடல்களில் வழக்கமான பாகத்தையே வைத்து ஒயரை மட்டும் மாற்றி இணைத்துவிடுகிறார்கள். அப்போது குமிழை முக்கால்வாசி தூரம் திருப்பும்வரை ஒரு மாற்றமும் தெரியாது. கடைசிக் கால்வாசியில் ஒலி சட்டென்று விழுந்துவிடும். வாசித்துக்கொண்டே ஒலியைக் குறைத்து ஏற்றும் பழக்கமுள்ளவருக்கு இது பெரிய தொல்லை. நல்ல வேளையாக, சரியான பாகத்தின் விலை குறைவு. சாலிடரிங் தெரிந்த எவரும் மாற்றித் தரலாம்.

கற்பதைப் பற்றிய அச்சம் தேவைக்கு மேல் பெரிதாக்கப்பட்டிருக்கிறது என்பது என் கருத்து. எந்தத் தந்தியில் எந்த ஃபிரெட் என்று எண்ணால் சொல்லும் டேப்லேச்சர் இருவருக்கும் ஒன்றே. கார்ட் படங்களை மட்டும் இடம் வலமாகத் திருப்பிப் படிக்க வேண்டும். இரண்டு வாரத்தில் அது கண்ணுக்குப் பழகிவிடும். வலக்கை ஆசிரியரின் எதிரில் அமர்ந்தால் இடக்கை மாணவருக்கு அது கண்ணாடியைப் பார்ப்பதுபோல் இருக்கும், அதனால் அவர் கையை அப்படியே பின்பற்றலாம். காணொளிப் பாடங்களிலும் அப்படித்தான்.

## மூன்றாம் வழி: வலக்கை கிதாரைத் திருப்பித் தந்திகளை மாற்றிக் கட்டுவது

ஹெண்ட்ரிக்ஸ் வலக்கை ஸ்ட்ராட்டோகாஸ்டரைத் தலைகீழாகப் பிடித்து, தந்திகளை இடக்கை வரிசையில் கட்டி வாசித்தார் என்பது உண்மை. அவருடைய ஒலியில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் பிக்கப்புகளில் பிரிட்ஜுக்கு அருகேயுள்ளது சாய்வாகப் பதிக்கப்பட்டிருக்கும். அதன் மெல்லிய தந்திப் பக்கம் பிரிட்ஜை நெருங்கியிருக்கும். கிதாரைத் திருப்பினால் பருமனான தந்திகள் பிரிட்ஜை நெருங்கி இறுக்கமாகவும், மெல்லிய தந்திகள் சற்று விலகி இனிமையாகவும் ஒலிக்கும். இந்த ஒலியை விரும்பும் வலக்கையாளர்களுக்காக, தலைப்பகுதியையும் பிக்கப்பையும் எதிர்ப்பக்கம் திருப்பி வைத்த கிதாரையே ஃபெண்டர் பின்னாளில் விற்றது. எனவே திருப்பிய கிதார் என்றாலே குறையுள்ள கிதார் என்று நினைக்க வேண்டாம். அதைச் சரியாகத் திருப்புவதற்கு ஆகும் வேலைதான் கேள்வி.

முதலில் நட். பரவலாகப் பயன்படும் தந்தித் தொகுதியில் மெல்லிய தந்தியின் விட்டம் 0.010 அங்குலம், பருமனானது 0.046 அங்குலம், அதாவது நான்கரை மடங்குக்கு மேல் வேறுபாடு. பள்ளங்களும் அதற்கேற்ப அறுக்கப்பட்டிருக்கும். தந்தி வரிசையை மாற்றினால் நட்டையும் மாற்றியே தீர வேண்டும். என் முதல் கிதாரில் நடந்தது இதுதான். பழுது பார்க்கும் ஒருவர் பழைய நட்டைச் சிறு சுத்தியலால் ஒரே தட்டில் கழற்றி, எலும்பில் புதியது இழைத்து, ஒவ்வொரு பள்ளத்தையும் மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு இழுப்பதும் தந்தியை வைத்துப் பார்ப்பதுமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். அவர் மெல்லிய தந்தியை மீட்டிக் காட்டியபோது அந்த இரைச்சல் இல்லை. அன்று வீட்டுக்கு வந்து நான் வாசித்த எஃப் கார்ட்தான் அந்தக் கிதாரில் சுருதி சேர்ந்து ஒலித்த முதல் எஃப் கார்ட்.

அடுத்தது பிரிட்ஜ். பருமனான தந்திக்கு மெல்லியதைவிடச் சில மில்லிமீட்டர் அதிக நீளம் தேவை. இல்லாவிட்டால் 12-ஆவது ஃபிரெட்டில் அழுத்தும்போது சுருதி விலகும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் ஆறு தந்திக்கும், தந்தி வந்து அமரும் தனித்தனிச் சேடில்கள் இருப்பதால் அவற்றை முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்துவிடலாம். லெஸ் பால் வகையில் பிரிட்ஜே சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கும். திருப்பினால் அந்தச் சாய்வு தவறான பக்கம் போய்விடும். சேடில்களை எவ்வளவு நகர்த்தினாலும் சில சமயம் போதாது. தாங்கும் தூண்களையே இடம் மாற்ற வேண்டுமென்றால் உடலில் புதிய துளை போட வேண்டும்.

மூன்றாவது, உடல் வடிவம். லெஸ் பால், டெலிகாஸ்டர் ஆகியவற்றில் கழுத்தடியில் ஒரு பக்கம் மட்டுமே, மேல் ஃபிரெட்டுகளுக்கு விரல் எட்டுவதற்கான வெட்டு இருக்கும். திருப்பினால் வெட்டு மேலே போய், அகன்ற தோள் கையை மறிக்கும். லெஸ் பாலில் 16-ஆவது ஃபிரெட்டுக்கு மேல் விரலைக் கொண்டுபோவதே போராட்டமாகிவிடும். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இரு பக்கமும் வெட்டு இருந்தாலும் வெட்டை ஒட்டி நீளும் இரு கொம்புகளில் நீண்டது கீழே வந்துவிடுவதால் கடைசி நான்கைந்து ஃபிரெட்டுகளுக்கு எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும். கிதாரைத் தோளில் தொங்கவிடும் ஸ்ட்ராப்பை மாட்டும் பொத்தானைக் குட்டைக் கொம்புக்கு மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு கழுத்து தரையை நோக்கிச் சாயப் பார்க்கும், அதைக் கையால் தாங்கிக்கொண்டே வாசிக்க நேரும். கிப்சனின் எஸ்ஜி போலவும், இஎஸ்-335 போலவும் இரு பக்கமும் ஏறக்குறைய ஒத்திருக்கும் உடல்கள் இந்த வகையில் மேலானவை. ஆனால் அவற்றிலும் பிரிட்ஜின் சாய்வைக் கவனிக்க வேண்டும். பீட்டில்ஸ் குழுவின் இடக்கையாளர் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்கில் வாங்கிய ஹோஃப்னர் பேஸ் கிதாரின் வயலின் வடிவம் அவருக்குப் பிடித்துப்போனதற்கும் இந்த ஒத்த வடிவம் ஒரு காரணம். இடக்கையில் பிடித்தாலும் அது விகாரமாகத் தெரியவில்லை.

மற்றவை சிறு தொல்லைகள்தான், ஆனால் தினசரித் தொல்லைகள். வால்யூம் குமிழ் மேலே வந்து முன்கையில் இடிபட்டுத் தானாகத் திரும்பும். சுருதியை அசைத்து ஏற்றி இறக்கும் டிரெமலோ கம்பி தந்திகளுக்கு மேல் தொங்கும். ஒயர் செருகும் இடம் மேலே வருவதால் ஒயர் முழங்கையின் குறுக்கே விழும். கழுத்தோரப் புள்ளிகள் கீழ் ஓரத்துக்குப் போய்விடுவதால், குனிந்து பார்த்தாலும் எந்த ஃபிரெட்டில் இருக்கிறோம் என்பது தெரியாது.

கணக்கைக் கூட்டிப் பாருங்கள்: மலிவான வலக்கை கிதார், புதிய நட், முழு செட்டப், பொத்தானை மாற்றுவதும் பழைய துளையை அடைப்பதும், பிறகு துளை போட்ட கிதாரை விற்கும்போது குறையும் விலை. தொடக்க நிலைக் கிதாருக்கு இவ்வளவும் சேர்ந்தால் இடக்கை மாடலின் விலையை நெருங்கிவிடும். எனவே மிச்சம் பிடிக்க நினைத்து இந்த வழியில் போவதில் பொருளில்லை. இடக்கை வடிவமே வராத ஒரு குறிப்பிட்ட கிதாரின் மேல் உங்களுக்கு உண்மையான ஆசை இருந்தாலோ, வீட்டில் ஏற்கெனவே ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிதார் சும்மா கிடந்தாலோ இது நல்ல வழி. அப்போதும் கழற்றிய நட்டைத் தூக்கி எறியாமல் உறையில் போட்டு வையுங்கள். பின்னால் பழைய நிலைக்குக் கொண்டுவர உதவும்.

இவையெல்லாம் எலெக்ட்ரிக் கிதாருக்குப் பொருந்தும் கணக்கு. அகூஸ்டிக் கிதாரில் பலகைக்கு உட்புறம் ஒட்டியுள்ள தாங்கு சட்டங்களே இடம் வலம் ஒத்திராதவை, சேடிலும் நகராது. அதைத் திருப்பச் சொல்லும் யோசனையை ஏற்காதீர்கள்.

## நான்காம் வழி: தந்தியையும் மாற்றாமல் திருப்பிப் பிடிப்பது

வலக்கை கிதாரை அப்படியே தலைகீழாகப் பிடித்தால் மெல்லிய தந்தி மேலேயும் பருமனானது கீழேயும் வரும். ஆல்பர்ட் கிங், ஓடிஸ் ரஷ், டிக் டேல் ஆகியோர் இப்படித்தான் வாசித்தார்கள். ஆல்பர்ட் கிங்கின் தந்தி வளைப்புகளில் தெரியும் கனத்துக்கு இது ஒரு காரணம்: மற்றவர்கள் மெல்லிய தந்தியை மேல்நோக்கித் தள்ளும்போது அவர் கீழ்நோக்கி இழுத்தார், இழுப்பதற்குக் கையின் முழு வலுவும் துணை நிற்கும்.

இதில் நட்டுக்கும் சுருதிக்கும் ஒரு பாதிப்பும் இல்லை. ஒவ்வொரு தந்தியும் தனக்குரிய பள்ளத்திலும் சேடிலிலும்தான் இருக்கிறது. யாருடைய கிதாரையும் வாங்கி உடனே வாசிக்கலாம். நான்கு வழிகளில் பணச் செலவு மிகக் குறைந்த இடக்கை வழி இதுவே. ஆனால் கொம்பு, குமிழ், ஒயர் பற்றிய தொல்லைகள் அப்படியே இருக்கும். அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு கார்டையும் பிடிக்கும் முறை தலைகீழாகிவிடும். கீழ்நோக்கி மீட்டினால் மெல்லிய தந்தி முதலில் ஒலிக்கும் என்பதால் வழக்கமான மீட்டலின் நிறமே மாறும். கட்டைவிரலைக் கழுத்துக்கு மேலாக வளைத்துப் பருமனான தந்தியை அழுத்தும் உத்தி கைவராது. இதற்கென்று பாடத்திட்டமோ ஆசிரியரோ தேடிக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

யாரும் சொல்லித் தராமல் சிறு வயதிலேயே இப்படி வாசிக்கப் பழகி, ஏற்கெனவே பாட்டுகள் வாசித்துக்கொண்டிருப்பவரை எந்த ஆசிரியரும் மாற்ற முயல வேண்டாம் என்பதே என் கோரிக்கை. புதிதாகத் தொடங்குபவருக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.

## இன்னும் தயங்குபவர்களுக்கு

எட்டு வயதுக் குழந்தைக்குச் சிறிய அளவு எலெக்ட்ரிக் கிதாரை இடக்கை வடிவில் தேடுவது கடினம். சோதனையில் இடது என்று உறுதியாகத் தெரிந்தால், சிறிய வலக்கை கிதார் ஒன்றைச் சரியான நட்டுடன் திருப்பிக் கொடுத்து, கை வளர்ந்த பிறகு முழு அளவு இடக்கை கிதார் வாங்குவது நல்லது. அந்த வயதில் யாரும் 17-ஆவது ஃபிரெட்டுக்குப் போவதில்லை என்பதால் கொம்பின் தொல்லை தெரியாது. தாளக் கை சரியான பக்கம் பழகிவிடும்.

முப்பது வயதில் தொடங்குபவர், சோதனையில் தெளிவான பதில் வராவிட்டால், வகுப்பில் உள்ள வலக்கை கிதாரில் ஆறு வாரம் வாசித்துப் பார்க்கலாம். விரல் வலியைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது இரு திசையிலும் உண்டு. மீட்டும் கை ஆறாவது வாரத்திலும் பாட்டைக் கேட்காமல் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டே நகர்ந்தால், மேலும் காத்திருக்காமல் திசையை மாற்றுங்கள். வலக்கையில் மூன்று நான்கு ஆண்டுகள் நன்றாகவே வாசித்துவிட்டு, இப்போது இடக்கைக்கு மாறலாமா என்று கேட்பவருக்கு என் பதில், வேண்டாம் என்பதே.

இடக்கை மாடலை ஆர்டர் செய்பவர்கள் பணம் கட்டும் முன் திருப்பி அனுப்பும் விதிமுறையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கிதார் வந்ததும் உறையிலிருந்து எடுத்த அன்றே இவற்றைப் பாருங்கள்: கழுத்தோரப் புள்ளிகள் உங்கள் கண் பக்கம் இருக்கின்றனவா, ஒவ்வொரு தந்தியும் தன் பள்ளத்தில் அசையாமல் அமர்ந்திருக்கிறதா, முதல் ஃபிரெட்டில் அழுத்தும்போதும் 12-ஆவது ஃபிரெட்டில் அழுத்தும்போதும் டியூனர் சரியான சுருதியைக் காட்டுகிறதா, வால்யூம் குமிழைப் பாதி திருப்பும்போது ஒலி பாதியளவாவது மாறுகிறதா. நட்டும் குமிழும் சரியில்லை என்றால் அவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவைக் கடைக்காரரிடம் அன்றே கேளுங்கள். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் அது உங்கள் செலவாகிவிடும்.